கண்புரை ஆபரேஷன்: வெக்டிஸா, ஃபேக்கோவா, லூப்பா, லேசரா?

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய நைனாவுக்கு 72 வயது. ஐம்பது வருடம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். இப்போது இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

"ஒரு ஆஸ்பத்திரியில் சாதா ஆபரேஷனே போதும் என்கிறார்கள். இன்னொன்றில் ஃபேக்கோ செய்யாவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்கிறார்கள். சென்னையில் இருக்கிற தம்பி, கத்தியே படாத லேசர் வந்துவிட்டது, காசு பார்க்காதே என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது சிஸ்டர்?"

அதே வாரம் காட்பாடியிலிருந்து இன்னொருவர். 54 வயது, ரயில்வே வேலை. இரவில் பைக் ஓட்டும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிகிறது. நிறையப் படித்திருக்கிறார். அல்ட்ராசவுண்டே இல்லாமல் கையடக்கக் கருவியால் லென்ஸை எடுக்கிறார்களாமே, அது இங்கே வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

நான் வேலூரில் கண் அறுவை அரங்கில் 21 வருடம் டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவள். அறுவை செய்கிறவள் இல்லை. ஆனால் எந்தக் கண்ணுக்கு எந்தக் கருவியைக் கேட்டார்கள், எதைப் பாதியில் கீழே வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்கள், மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது எந்தக் கண் பளிச்சென்று இருந்தது, எது மங்கியிருந்தது என்பதையெல்லாம் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரை எவ்வளவு கெட்டி, அதை எடுக்கப்போகிற கை எந்தக் கருவியில் பழகிய கை, இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும். கருவியின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

லேசர் என்ற சொல்லைப் பற்றி

நம் பக்கத்தில் தையல் இல்லாத எல்லா ஆபரேஷனுக்கும் 'லேசர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "லேசர்ல பண்ணிக்கினேன்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது ஃபேக்கோ. ஃபேக்கோவில் லேசர் கிடையாது, அது அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையைப் பொடித்து உறிஞ்சுவது. உண்மையான லேசர் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று ஃபெம்டோ லேசர், அதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று யாக் லேசர். ஆபரேஷன் முடிந்து சில மாதமோ சில வருடமோ கழித்து, புது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை மங்கிப்போனால் அதில் ஒரு சின்னத் திறப்பு போடுவதற்கு. ஆகவே யாராவது லேசர் என்று சொன்னால், எந்த லேசர் என்று கேளுங்கள்.

எந்த முறையானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். கண்ணின் லென்ஸை மாம்பழம் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தோல் மாதிரி மெல்லிய உறை, அதற்குள் சதை, நடுவில் கொட்டை. தோலின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பு போட்டு, கொட்டையையும் சதையையும் எடுத்துவிட்டு, தோலை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தப் பைக்குள்தான் புது லென்ஸ் உட்காரும். பின்பக்க உறையின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் சுமார் 250-ல் ஒரு பங்கு கனம்தான். அது கிழியாமல் கொட்டையை வெளியே கொண்டுவர என்ன கருவி என்பதில்தான் இவ்வளவு கருத்து வேறுபாடும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் கெட்டித்தனம். டாக்டர் ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து நான்குவரை ஒரு எண் எழுதுவார். எங்களுக்கு நிறமே சொல்லிவிடும். வெளிர்மஞ்சளாக இருந்தால் மெது. தேன் நிறம் நடுத்தரம். அச்சுவெல்ல நிறம் வந்துவிட்டால் கெட்டி. அதையும் தாண்டிப் புளியங்கொட்டை நிறத்துக்குப் போன புரைகள் இருக்கின்றன. எடுத்து வெளியே வைத்தால் கருவியால் தட்டும்போது சத்தம் கேட்கும். ஆணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற வயதானவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். "புரை முத்தட்டும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டிருப்பார்கள். லென்ஸை உறையோடு சேர்த்து முழுசாக எடுத்த காலத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இன்றைக்கு முத்த விடுவது செலவையும் ஆபத்தையும் கூட்டுவது மட்டும்தான்.

இரண்டாவது கார்னியா, அதாவது கருவிழியின் முன்னால் இருக்கும் கண்ணாடிப் படலம். அதன் உள்பக்கத்தில் ஒரே வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2500 அளவில் இருக்கும். போனால் திரும்ப முளைக்காது. ஒவ்வொரு ஆபரேஷனும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிகவும் குறைந்துபோனால் கார்னியா நீர்கோத்து வெளுத்துவிடும். ஏற்கெனவே செல் குறைவாக உள்ளவருக்குக் கருவித் தேர்வே மாறிவிடும்.

மூன்றாவது, கண்மணி நன்றாக விரிகிறதா, லென்ஸைச் சுற்றித் தாங்கும் நார்கள் உறுதியாக இருக்கின்றனவா என்பது. இங்கே வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பா சிறுநீர் சரியாகப் போக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம்) தளர்ந்து துவண்டு, கண்மணி சுருங்கிவிடலாம். இது 2005-லிருந்தே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மாத்திரையை முன்பே நிறுத்திவிட்டாலும் விளைவு இருக்கலாம். அதனால் எப்போதோ சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.

அப்புறம் கீறலின் அளவு, அதனால் வரும் சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பவர்), கையில் இருக்கும் பணம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

கடைசியாகச் சொன்னாலும் எனக்கு முதலாவது, கை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஏறக்குறைய 80,000 ஆபரேஷன்களை அலசி 2012-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஃபேக்கோவிலும் வெக்டிஸ் (வளைந்த சின்னக் கரண்டி) மாதிரியான கைக்கருவி முறையிலும் ஆபரேஷன் நடுவில் வந்த சிக்கல் கிட்டத்தட்ட ஒரே அளவு, நூற்றுக்கு ஒன்று போல. ஆனால் பயிற்சியில் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் அவர்கள் கையில் ஃபேக்கோவுக்கு வந்த சிக்கல் வெகுவாகக் கூடுதல். நான் அரங்கில் பார்த்ததும் இதேதான். ஃபேக்கோ பழகிய கையில் பூப்போல இருக்கும். பழகாத கையில் ஒரு நொடி போதும்.

வெக்டிஸ்: கைக்கருவி முறை

இதற்கு ஆஸ்பத்திரிப் பெயர் எஸ்ஐசிஎஸ். 'சாதா ஆபரேஷன்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்தச் 'சாதா' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. கைத்திறன் அதிகம் கேட்கிற வேலை இது.

வெள்ளை விழியில் 6 முதல் 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சுரங்கம் மாதிரி வெட்டுவார்கள். உள்ளே இருக்கும் அழுத்தமே அதன் வாயை மூடிக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் தையல் வேண்டாம். கொட்டையை உறையிலிருந்து மெல்ல உருட்டி, கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் முன்னறைக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் வெக்டிஸைச் செலுத்துவார்கள். தலை வளைந்த சின்னக் கரண்டி மாதிரி இருக்கும் அது. சில வெக்டிஸில் நீர் ஓடத் துளைகள் உண்டு. நீரின் தள்ளலும் கையின் இழுப்பும் சேர்ந்து கொட்டை முழுசாக வெளியே வழுக்கி வரும். மிச்சச் சதையை எடுக்க சிம்கோ கேன்யூலா. ஒரு குழாயில் நீர் உள்ளே போகும், இன்னொன்றில் சிரிஞ்சால் சதையை இழுப்பார்கள். மோட்டார் இல்லை, மின்சார வேலை எதுவும் அந்தக் கருவிக்குள் இல்லை. நேபாளத்தில் லாகான் என்ற ஊரில் 30 கேஜ் ஊசியின் நுனியை மீன்தூண்டில் மாதிரி வளைத்து அதாலேயே கொட்டையை இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு எளிய பொருளால் இவ்வளவு நுட்பமான வேலை நடக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

எளிமை என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. நேபாளத்தில் முற்றிய புரை உள்ள 108 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஃபேக்கோ, பாதிப் பேருக்கு எஸ்ஐசிஎஸ் செய்து 2007-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில் பார்ப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை. ஆபரேஷன் நேரம் சராசரியாக எஸ்ஐசிஎஸ்ஸுக்கு 9 நிமிடம், ஃபேக்கோவுக்குப் பதினைந்தரை நிமிடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கண் சில வாரம் சிவந்திருக்கும். வீட்டார் பயந்து பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது வழக்கம். பெரிய கீறல் என்பதால் சிலிண்டர் பவர் கொஞ்சம் கூடலாம், அதற்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். வெள்ளை விழியின் மேல்தோலைப் பிரிப்பதால், பின்னால் கண் அழுத்தத்துக்கு ஆபரேஷன் தேவைப்படக்கூடியவருக்கு அந்த இடம் வீணாகும். இரத்தம் நீர்த்துப்போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதில் இரத்தக்கசிவு கொஞ்சம் அதிகம்.

பெரும்பாலும் மடியாத கெட்டி லென்ஸ் வைப்பார்கள். விலை குறைவு. 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் உள்நாட்டிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்த விலை ஏழைகளுக்கு எட்டியது. வேண்டுமானால் இதே சுரங்கம் வழியாக மடக்கும் லென்ஸும் வைக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஃபேக்கோ கைப்பிடி

நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் என்ற கண் மருத்துவர், தன் பல்லில் பல் டாக்டர் காறை எடுத்த அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து, இதையே புரைக்கு வைத்தால் என்ன என்று யோசித்தார். 1967-ல் பிறந்த முறை இது. பேனா மாதிரி ஒரு கைப்பிடி. அதற்குள் இருக்கும் படிகங்கள் மின்சாரத்தில் சுருங்கி விரிந்து, நுனியில் இருக்கும் டைட்டானியம் ஊசியை ஒரு நொடிக்கு 40,000 தடவை போல அதிர வைக்கும். கொட்டை பொடிந்து கூழாகும். அதே ஊசியின் துளை வழியாகக் கூழ் உறிஞ்சப்படும். ஊசியைச் சுற்றியுள்ள சிலிக்கோன் உறை வழியாக நீர் உள்ளே வரும். டாக்டரின் கால் பெடலில் மூன்று நிலை. முதல் அழுத்தில் நீர், இரண்டாவதில் உறிஞ்சல், மூன்றாவதில் அதிர்வு. கீறல் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்.

மெதுவான, நடுத்தரமான புரைக்கு இதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன். சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைத்துச் செய்துவிடலாம். சிவப்பு அதிகம் இருக்காது. சிலிண்டர் பவர் அதிகம் ஏறாது. சில நாளில் வேலைக்குப் போகலாம். மடக்கும் லென்ஸ் உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

கெட்டிப் புரையில்தான் சிக்கல். கொட்டை கடினமாக ஆக, அதிர்வு அதிக நேரம் வேண்டும். அதிர்வு கூடக் கூட கார்னியாவின் செல் போகும், கீறலில் சூடும் ஏறும். என் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. அப்போது நான் வேறு ஊரில் இருந்தேன். அண்ணன் ஒரு இடத்தில் பேக்கேஜ் பேசி முடித்துவிட்டார். அச்சுவெல்ல நிறப் புரை. ஃபேக்கோதான் உசத்தி என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தால் அம்மாவுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கார்னியா நீர்கோத்து வடிய ஐந்து வாரம் ஆனது. பார்வை பிறகு வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து வாரமும் அம்மா தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இன்னிக்கி வந்துடுமா?" அந்தக் கண்ணுக்கு வெக்டிஸ் போதுமானதாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஃபேக்கோவில் வெளியே தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் கருவி கழுவியவள் என்ற முறையில் சொல்கிறேன். கைப்பிடியின் உள்ளே குறுகலான குழாய். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பிறகு அதில் நீரை ஓட்டிக் கழுவி, பிறகு ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைக்க வேண்டும். மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த கண்ணில் கடுமையான அழற்சி வரலாம். கைப்பிடி ஒருமுறை தரையில் விழுந்தால் உள்ளே இருக்கும் படிகம் போய்விடும். ஊசி, உறை, குழாய், காசெட் எல்லாம் தேய்மானப் பொருள்கள். பேக்கேஜில் விலை குறைகிறது என்றால் எதில் குறைகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்க வேண்டாம்.

நிட்டினால் லூப்

காட்பாடிக்காரர் படித்ததில் ஒன்று இதுதான். மைலூப் என்று பெயர். ஐயன்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது, 2018 கடைசியில் ஜெர்மனியின் சாய்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பேனா அளவில் ஒரு கைப்பிடி, மின்சாரம் கிடையாது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. நுனியிலிருந்து மெல்லிய நிட்டினால் கம்பி ஒன்று வெளியே வந்து வளையமாக விரியும். நிட்டினால் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், எப்படி வளைத்தாலும் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும். உறைக்குள்ளேயே கொட்டையைச் சுற்றி அந்த வளையத்தைப் போட்டு, பட்டனைப் பின்னால் இழுத்தால் வளையம் சுருங்கி, கொட்டை இரண்டாகும். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதேதான். திருப்பி வைத்து மறுபடி அறுத்தால் நான்கு துண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, லூப் அறுக்கும், எடுக்காது. துண்டுகளை வெளியே எடுக்க மறுபடி ஃபேக்கோவோ கைக்கருவியோ வேண்டும். கெட்டிப் புரையை முதலில் லூப்பால் துண்டாக்கிவிட்டால் ஃபேக்கோவின் அதிர்வுத் தேவை கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டின. அதனால் கெட்டிப் புரையும் இருந்து, சின்னக் கீறலும் வேண்டும் என்பவருக்கு இது ஒரு நல்ல பாலம். தாங்கும் நார்கள் தளர்ந்த கண்ணுக்கு இது ஆகாது. வளையம் கொட்டைக்குப் பின்னால் போகும்போது உறையை உரசினாலும் ஆபத்து. கொட்டையைக் கண்ணிக்குள் பிடித்து அறுக்கும் யோசனை 1980-களிலேயே கைக்கருவி டாக்டர்களிடம் இருந்தது. புதுசு என்பது உலோகமும், உறைக்குள்ளேயே செய்வதும்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுக் கருவி என்பதால் செலவு அப்படியே உங்கள் ரசீதில் ஏறும்.

சாய்ஸ் நிறுவனமே மைக்கார் 700 என்று இன்னொரு கையடக்கக் கருவியும் கொண்டுவந்திருக்கிறது. அல்ட்ராசவுண்ட் இல்லாமலே லென்ஸ் திசுவை எடுப்பது அதன் நோக்கம். இப்படிப்பட்ட கருவிகள் மேல் எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறது. பெரிய மெஷின் வாங்க முடியாத சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் இவை வரப்பிரசாதம் ஆகலாம். ஆனால் இன்றைக்கு மங்கலாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஃபெம்டோ லேசர்

2008-ல் ஹங்கேரியில் சோல்டான் நாகி முதன்முதலில் மனிதக் கண்ணில் செய்தார். லேசர், கீறலையும் உறையின் வட்டத் திறப்பையும் போட்டு, கொட்டையையும் துண்டாக்கித் தரும். பிறகு நோயாளியை ஃபேக்கோ மேஜைக்கு மாற்றி, அதே ஃபேக்கோ கைப்பிடியால்தான் உறிஞ்ச வேண்டும். ஆகவே 'கத்தியே படாது' என்பது பாதி உண்மை, 'கருவியே நுழையாது' என்பது பொய்.

வட்டம் மிகத் துல்லியமாக வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பெரிய அளவில் ஒப்பிட்டு 2020-ல் முடிவு சொன்னார்கள். சாதாரண ஃபேக்கோவைவிட இது மேலான பலன் தரவில்லை, கூடுதல் செலவுக்கு ஈடாகவும் இல்லை. உங்களிடம் பணம் மிச்சம் இருந்தால் செய்யலாம். நகையை அடகு வைத்துச் செய்யத் தேவையில்லை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | வெக்டிஸ் | ஃபேக்கோ | லூப் + ஃபேக்கோ | ஃபெம்டோ + ஃபேக்கோ |
|---|---|---|---|---|
| கீறல் | 6–7 மி.மீ. | 2.2–2.8 மி.மீ. | ஃபேக்கோ அளவே | ஃபேக்கோ அளவே |
| மெதுப் புரை | செய்யலாம், அவசியமில்லை | மிகப் பொருத்தம் | தேவையில்லை | செய்யலாம், பலன் ஒன்றே |
| கல் போன்ற புரை | மிகப் பொருத்தம் | தேர்ந்த கை வேண்டும் | நல்ல வழி | முழு வெள்ளைப் புரையில் துண்டாக்குவது கடினம் |
| கார்னியா பலவீனம் | பெரும்பாலும் இதுவே | யோசிக்க வேண்டும் | ஃபேக்கோவைவிட மேல் | ஃபேக்கோவை ஒட்டியது |
| சிவப்பு, உறுத்தல் | சில வாரம் | சில நாள் | சில நாள் | சில நாள் |
| மெஷின் தேவை | இல்லை | உண்டு | உண்டு | இரண்டு மெஷின் |
| செலவு | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | அதற்கும் மேல் | எல்லாவற்றிலும் அதிகம் |

2004-ல் வெளியான ஒரு ஆய்வு, அரவிந்தில் ஒரு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவை எஸ்ஐசிஎஸ்ஸுக்குச் சுமார் 17 டாலர், ஃபேக்கோவுக்குச் சுமார் 25 டாலர் என்று கணக்கிட்டது. தொகை பழசு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு என்று புரிந்துகொள்ளச் சொல்கிறேன். உங்களிடம் சொல்லப்படும் பேக்கேஜ்களின் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு என்றால், அந்த மிச்சம் பெரும்பாலும் லென்ஸுக்கும் அறைக்கும் போகிறது.

ரசீதில் வராத செலவு

லென்ஸ் விலைதான் முதலாவது. 'ஃபேக்கோ' என்று பேசி முடித்த பிறகு, பல தூரம் தெரியும் லென்ஸ், சிலிண்டர் திருத்தும் லென்ஸ் என்று படிப்படியாக ஏறும். எடுக்கிற கருவியும் வைக்கிற லென்ஸும் இரண்டு தனி முடிவுகள். தனித்தனியாக விலை கேளுங்கள்.

அப்புறம் சொட்டு மருந்து. நான்கிலிருந்து ஆறு வாரம், பல தடவை விட வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் விடுவார்கள் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கூட வருகிறவரின் கூலி, மறுபரிசோதனைக்கு மூன்று நான்கு தடவை பஸ், கடைசியில் கண்ணாடி, பின்னால் யாக் லேசர் வேண்டியிருந்தால் அது. பேரணாம்பட்டிலிருந்து வேலூர் வந்து போகிற குடும்பத்துக்கு ஃபேக்கோவின் சீக்கிரக் குணம் சிலசமயம் இந்தச் செலவை ஈடு செய்துவிடும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் செய்யக்கூடாது என்று ஒரு பேச்சு நம் ஊரில் விடாமல் இருக்கிறது. வேலூர் அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து தை மாதம் வரை தள்ளிப்போடுகிறார்கள். நான்கு முறைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை. அரங்கில் குளிர்சாதனம் இருக்கிறது. வீட்டில் வியர்வையும் தூசியும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் சித்திரையிலும் செய்யலாம்.

இரண்டு பேருக்கும்

காட்பாடி அண்ணனுக்கு: 54 வயது, ஆரம்பப் புரை, கார்னியா நன்றாக இருந்தால் ஃபேக்கோதான். லூப் உங்கள் கண்ணுக்குத் தேவையே இல்லை, மெதுக் கொட்டைக்கு அது வீண் செலவு. இரவில் ஓட்டுவது சிரமமாகிவிட்டது என்கிறீர்கள், அதுவே போதுமான காரணம். புதுக் கருவிக்காகக் காத்திருந்தால் இன்றைய மெது நாளைக்குக் கெட்டியாகும். பல தூர லென்ஸ் விற்கப் பார்த்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த வகை லென்ஸில் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நீங்கள் வந்ததே அந்தத் தொந்தரவுக்காக.

குடியாத்தம் தங்கைக்கு: நைனாவின் புரை எத்தனையாவது கிரேடு என்று முதலில் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்றுக்கு மேல் என்றால், கார்னியா செல் எண்ணிக்கையையும் கேளுங்கள். பிறகு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடமே, "இந்த மாதிரி கெட்டிப் புரைக்கு நீங்கள் வழக்கமாக எதைச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஃபேக்கோ என்று சொன்னால், நடுவில் சிரமம் என்றால் எஸ்ஐசிஎஸ்ஸுக்கு மாற்றுவீர்களா, அதற்குத் தனியாகப் பணமா என்றும் கேட்டுவிடுங்கள். நடுவில் மாற்றுகிற டாக்டர் தோற்றவர் இல்லை. அந்த நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் நான் என் அம்மாவின் இரண்டாவது கண்ணைக் கொடுத்தேன். அவர் நேராக வெக்டிஸே செய்தார். மூன்றாம் நாள் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பணம் கவலை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆரணி சாலையில் 1902-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய ஷெல் மருத்துவமனையும் இருக்கிறது, இன்றைக்கு அது கண் ஆஸ்பத்திரி. இரண்டு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுப்பதில் தப்பில்லை.

போகும்போது நைனா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை, பிரஷர், இரத்தம் நீர்க்கும் மாத்திரை, முக்கியமாக அந்தச் சிறுநீர் மாத்திரை. டாக்டர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு தேதி வாங்குங்கள்.